இறுக்கமான உடை யாருக்கு?

சுரண்டையில் பெண்களின் உழைப்பு என்று பேச்செடுத்தால் பீடிதான் முதலில் வரும். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், கையில் கத்தரி. மின்சாரம் வேண்டாத வேலை. ஆனால் அதே தெருக்களில் இன்று மோட்டார் பொருத்திய தையல் எந்திரமும், விற்பனைக்கு மாவரைக்கும் பெரிய கிரைண்டரும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் பெண்களிடம், "எந்திரத்திலா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "எந்திரமெல்லாம் இல்லம்மா, மாவுதான் அரைக்கேன்" என்கிறார்கள். மின்கருவி என்றால் ஆண் கையில் இருப்பது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்துக்குச் சட்டப் புத்தகத்திலும் ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஆபத்தான எந்திரங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் விசையால் இயங்கி, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்குத்தான் அது பொருந்தும். 1891இல் அந்த எண்ணிக்கை 50 ஆனது. பெண்களின் வேலை நேரம் நாளுக்கு 11 மணி என்று வரையறுக்கப்பட்டதும் அப்போதுதான். எங்கள் பக்கத்தில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை, பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. 1922இல் எண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசை உள்ள இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது. சட்டத்தின் வாசல் படிப்படியாக அகலமானது.

அந்த 1948 சட்டத்தின் 22ஆம் பிரிவை மாணவிகள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைச் சோதிக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ நேர்ந்தால் யார் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. தனிப்பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளி. அவர் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும். அந்த உடையை முதலாளியே கொடுக்க வேண்டும். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அடுத்த உட்பிரிவு பெண்களையும் இளையவர்களையும் பற்றியது. ஓடும் விசைப்பொறியைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ அவர்களை விடக்கூடாது.

ஆபத்து பொய்யில்லை. சுழலும் தண்டிலும் பெல்ட்டிலும் முந்தானையோ சடையோ சிக்கினால், கையை எடுக்கும் முன் உடம்பே இழுபட்டுவிடும். ஆனால் ஆணின் வேட்டியும் அப்படித்தான் சிக்கும். அவனுக்குச் சட்டம் உடையை மாற்றிக் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, பெயரை எழுதி வைத்தது. அவளை மட்டும் இடத்தை விட்டு விலக்கியது. எந்திரத்தை அறிந்தவருக்குத்தான் கூலி கூடும், மேஸ்திரி பதவி வரும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்த அறிவின் கதவு பெண்ணுக்குச் சாத்தப்பட்டது.

வேறு வழியே இல்லையா? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடைசல் எந்திரங்களுக்கு வந்தார்கள். அப்போது வெரோனிகா லேக் என்ற நடிகையைப் பார்த்து, ஒரு கண்ணை மறைக்கும்படி முடியை விரித்துவிடுவது நாகரிகமாக இருந்தது. அது ஆபத்து என்று கண்ட அரசு, 1943இல் அந்த நடிகையையே முடியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பிரசாரம் செய்தது. ஆள் தேவைப்பட்டதால், பெண்ணை விலக்காமல் முடியைக் கட்டச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது வேறு கதை.

இங்கே கதவுகள் மெல்லத் திறந்தன. பெண்களை இரவுப்பணியிலிருந்து விலக்கிய விதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. கூடவே பெண்களின் பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் வகுத்தது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, எல்லா வகை வேலைக்கும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. ஆபத்தான வேலையென்றால் முதலில் தகுந்த பாதுகாப்பைச் செய்யச் சொல்கிறது. நல்லது. ஆனால் அதே தொகுப்பு, மின்விசை உள்ள இடம் தொழிற்சாலை ஆவதற்கான எண்ணிக்கையை 10லிருந்து 20 ஆக உயர்த்திவிட்டது. 1922இன் எண்ணுக்கே திரும்பியிருக்கிறோம்.

நாலு பெண்கள் வேலை செய்யும் மாவுக்கடை எந்தக் காலத்திலும் இந்த எண்ணிக்கைக்குள் வந்ததில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் வழங்கத் தொடங்கியபோது, லட்சக்கணக்கான பெண்களின் கைக்கு மின்மோட்டார் வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பிழைப்பு தேடியவர்களும் உண்டு. அது சமையல் சாமானாகவே பார்க்கப்பட்டது, தொழிற்கருவியாக அல்ல. கட்டட வேலையிலும் இதே கணக்குதான். டைல்ஸ் வெட்டும் எந்திரம் ஆணின் கையில். பறக்கும் தூசியைக் கூட்டி அள்ளுவது சித்தாள். கருவியைத் தொடாததால் அவளுக்கு முகக்கவசமும் இல்லை, கூடுதல் கூலியும் இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. கிரைண்டருக்குள் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். மூன்று முனை பிளக்கின் மூன்றாவது முனை எர்த். அதை ஒடித்துவிட்டு இரண்டு முனையில் செருகினால், கசியும் மின்சாரம் ஈரக்கை வழியே நம் உடம்பில் இறங்கும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை மின்பெட்டியில் பொருத்திக்கொள்ளலாம். பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. சடையைக் கொண்டையாக்க வேண்டும்; முந்தானையை இழுத்துச் செருக வேண்டும்; துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றினால் யார் என்ன சொல்வார்களோ என்று ஒரு பெண் தயங்குகிறாள் என்றால், அந்தத் தயக்கமும் பணியிட ஆபத்துதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது சலுகை அல்ல. 1948இல் ஆணுக்கு எழுதிக் கொடுத்த மூன்றையும்தான் கேட்கிறோம்: முதலாளி செலவில் தகுந்த உடை, எந்திரத்தைப் பற்றிய பயிற்சி, பதிவேட்டில் பெயர். நாலு பேர் வேலை செய்யும் கடையிலும், நடுவீட்டில் ஓடும் தையல் எந்திரத்திலும் அவை கிடைக்க வேண்டும்.