கரி, சிலிண்டர், பேட்டரி: வண்டியை மாற்றி ஓட்டியவர்களின் கதை

1942 ஏப்ரலில் பர்மாவின் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை பிரிட்டிஷ்காரர்களே தகர்த்தார்கள். ஜப்பான் படை கையில் சிக்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். அந்தப் புகை காவிரி டெல்டாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதன் விளைவு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்துக்கு அரிசியும் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, எண்ணெயும் வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன. அரிசிக்கு தஞ்சாவூர் ஜில்லா இருந்தது. பெட்ரோலுக்கு? 1941-லேயே ரேஷன் வந்துவிட்டது. போருக்குப் போக மிச்சம் இருந்தால்தான் பஸ்ஸுக்கு.

அப்போதுதான் நம்மூர் பஸ்களுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கலன் ஏறியது. கரி பஸ். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய அப்பா அம்மாவிடமிருந்து கேட்ட கதையாவது வரும்.

எலெக்ட்ரிக் காராக மாற்றுவது பற்றி இன்று பேசுகிறவர்கள், பழைய மாருதியில் எஞ்சினைக் கழற்றி மோட்டாரை மாட்டுவது ஏதோ 2010-க்குப் பிறகு பிறந்த யோசனை போலப் பேசுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு எரிபொருளுக்காகச் செய்த வண்டியை இன்னொன்றில் ஓட வைக்கும் வேலையை இந்த ஊர்ச் சாலைகள் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருக்கின்றன. மூன்றாவது தடவை ஏன் திணறுகிறது என்று புரிய அந்த இரண்டையும் பார்க்கணும்.

கரி பஸ்ஸின் தத்துவம் எளிமையானது. கலனுக்குள் கரி, அடியில் நெருப்பு, அளவாகக் காற்று. முழுசாக எரிய விட்டால் வெறும் கரியமில வாயுதான். காற்றைக் குறைத்து, அந்த வாயுவைத் தணல் வழியாக மறுபடி இழுத்தால் கார்பன் மோனாக்ஸைடு கிடைக்கும். அது எரியும். அதைக் குளிர வைத்து, வடிகட்டி, பெட்ரோல் எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். பிரான்ஸில் ஜார்ஜ் ஆம்பேர் 1920-களிலேயே இதற்கான கலன்களைச் செய்தார். போர்க்காலத்தில் ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான வண்டிகள் இப்படி ஓடின. நம் பக்கம் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் பட்டறையில் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் ஒரு கலனையே வடிவமைத்துச் செய்தார்.

ஆனால் மாற்றுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பு தினசரி வேலை. காலையில் கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதித் தணலை எழுப்பணும். அதற்கே கால் மணி நேரம் போய்விடும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறையும். மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ளணும். சாம்பலை அள்ளணும், வடிகட்டியைச் சுத்தம் பண்ணணும். பண்ணாவிட்டால் சாம்பல் தூள் எஞ்சினுக்குள் போய் சிலிண்டர் சுவரை அரித்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் கலனைப் பற்ற வைத்தால் ஆளே காலி. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

இத்தனை தொல்லையோடும் அது ஓடியதற்கு என் கணிப்பில் ஒரே காரணம்தான். அந்த அறிவு ஒரு ஆளிடம் இல்லை, பலரிடம் இருந்தது. டிரைவருக்குத் தெரியும், கிளீனருக்குத் தெரியும், பட்டறைக்காரருக்குத் தெரியும். ஒருத்தர் லீவு போட்டால் வண்டி நிற்காது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் கலன்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இன்று ஒரு கலனைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் தஞ்சாவூரில் யாரைத் தேடுவது?

இரண்டாவது கதை உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. 1990-களின் மாருதி ஆம்னி. பின்சீட்டுக்கு அடியில் சமையலறைச் சிவப்புச் சிலிண்டர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். பெட்ரோலைவிட மலிவு என்பதால் ஊர் ஊராகப் பரவியது. சட்டப்படி குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அடுப்பங்கரையில் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்த சிலிண்டரை ஓடும் வண்டியில் படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும்.

இங்கே அரசு சுவாரசியமான ஒன்றைச் செய்தது. தடுக்க மட்டும் இல்லை, வழியும் கொடுத்தது. 2000-இல் 52-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, முறையான கிட் பொருத்தி வேறு எரிபொருளுக்கு மாற்ற இடம் வந்தது. 2001-இல் வாகன எல்.பி.ஜி.க்குத் தனி ஆணை வந்தது. 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாத தனி டேங்க், அனுமதி பெற்ற கிட், பதிவுச் சான்றில் மாற்றம். திருட்டுத்தனமாக நடந்த வேலை கடைத்தெருவுக்கு வந்தது. கேஸ் கிட் மெக்கானிக் என்று ஒரு தொழிலே உருவானது.

இப்போது மூன்றாவது கதை. இந்தியாவில் எலெக்ட்ரிக் கார் புதுசு இல்லை. 1993-இலேயே 'லவ்பேர்ட்' என்ற சின்னக் கார் கேரளத்திலிருந்து வந்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா, எட்டு லெட்-ஆசிட் பேட்டரியோடு. வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு இவையெல்லாம் பாடப் புத்தகம். எஞ்சின், டேங்க், சைலன்ஸர் வெளியே, கியர்பாக்ஸ் அப்படியே இருக்கும், அதோடு மோட்டாரை இணைக்க ஒரு தகடு, ஒரு கன்ட்ரோலர், விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட்டாகக் குறைக்கும் பெட்டி, பிரேக் பூஸ்டருக்கு ஒரு வேக்குவம் பம்ப். அவ்வளவுதான். லேத் பட்டறை உள்ள எந்த ஊரிலும் செய்யலாம்.

பூம்புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மயிலாடுதுறை போய்த் திரும்ப சுமார் 50 கி.மீ. நல்ல நிலையில் உள்ள ஒரு சாதாரண பேட்டரித் தொகுப்புக்கு எட்டும் தூரம். டெல்டாவில் மேடு கிடையாது, சாலை தட்டை. கடலுக்குப் போகும் படகில் எஞ்சின் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பழகிய கைகள் கரையிலேயே இருக்கின்றன. எலெக்ட்ரிக் வண்டிக்கு இதைவிடத் தோதான ஊர் எது?

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் அதே ஊர்தான் எதிரி. கடல் காற்றில் உப்பு. பிரஷ் உள்ள டி.சி. மோட்டாரில் கார்பன் தூள் உதிரும். தூளும் உப்பு ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து வண்டியின் உடம்புக்கே வர வழி உண்டு. அதனால் பேட்டரித் தொகுப்பின் எந்த முனையையும் வண்டி உடம்போடு சேர்க்கக் கூடாது. மாதம் ஒரு தடவை மல்டிமீட்டர் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கணும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். 'ஆர்.ஓ. தண்ணிதானே, ஊத்து' என்பார்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், கடலோர போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைத் துடைக்கணும். இணைப்பு லேசாகத் தளர்ந்தாலும் அந்த இடம் சூடாகும், பிறகு உருகும். எட்டு பேட்டரியில் ஒன்று சோர்ந்தால் மற்ற ஏழையும் அது இழுத்துப் போடும். ஒன்றை மட்டும் புதுசாக மாற்றினால் பழசோடு சேர்ந்து புதுசும் சீக்கிரம் கெடும்.

இதெல்லாம் கரி பஸ் கிளீனரின் வேலையைவிடக் கஷ்டமா? நிச்சயமாக இல்லை. வித்தியாசம், இது யாருக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது. வீட்டில் மாற்றிய காருக்கு அதை மாற்றியவர் ஒருத்தர்தான் மெக்கானிக். எந்த வயர் எங்கே போகிறது, ஃப்யூஸை எங்கே வைத்தார், கன்ட்ரோலரில் என்ன அளவு அமைத்தார் என்பதெல்லாம் அவர் தலைக்குள். அவர் சிங்கப்பூர் போய்விட்டால் வண்டி மாட்டுக் கொட்டகையில் நிற்கும். நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் உலகத்தில் இது தினம் நடப்பது. எழுதியவர் வேலையை விட்டுப் போவார், நிரல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் தொட யாருக்கும் தைரியம் வராது.

சட்டமும் கை கொடுக்கவில்லை. 2016-இல் மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டுகளுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். 72 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டு இல்லை, சோதிக்காத வேலை சாலைக்கு வரக் கூடாது. ஆனால் அந்த வழி அங்கீகாரம் பெற்ற கிட்டுக்கும், அதைப் பொருத்த அனுமதி உள்ளவருக்கும்தான். சொந்தமாகச் செய்தவர் தன் ஒற்றை வண்டியைக் கொண்டுபோய் 'சோதித்துச் சொல்லுங்கள்' என்று கேட்க எளிதான கதவு இல்லை. 2019-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 52-ஆம் பிரிவை இறுக்கமாகவே படித்தது. விளைவு, வீட்டு வண்டிகள் ஒளிந்துகொள்கின்றன. ஒளிந்த வண்டியின் கோளாறை யாரும் வெளியே சொல்வதில்லை. அதனால் அடுத்தவர் அதே கோளாறில் மறுபடி விழுகிறார். ஆம்னி சிலிண்டர் காலத்தில் நடந்தது இதுவேதான், 2000-இல் கதவு திறக்கும் வரை.

2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. அப்போது எலெக்ட்ரிக் கார் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சார்ஜ் ஏற்ற முடியாமல் நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் மின்சாரத்தை வைத்துச் சில நாள் வீட்டுக்கு விளக்கு எரிக்கலாம், போன் சார்ஜ் பண்ணலாம், எப்படி எடுப்பது என்று தெரிந்த ஒருத்தர் வீட்டில் இருந்தால். மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: தெரிந்த ஒருத்தர்.

கீழையூரில் 1960-களில் அகழ்ந்தபோது பழைய படகுத்துறை ஒன்று கிடைத்தது, செங்கல் கட்டும் மரத்தூண்களுமாக. படகு நின்ற இடம் தெரிகிறது. அந்தப் படகின் ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்பதைச் செங்கல் சொல்லாது. செய்த பொருள் மிஞ்சும், பழுது பார்த்த அறிவு மிஞ்சாது. கரி பஸ்ஸுக்கும் அதுதான் நடந்தது.

ஆகவே வண்டியை மாற்றி ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வயரிங் படத்தைக் கையால் வரையுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது, ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், அவசரத்தில் எந்தச் சுவிட்சை முதலில் அணைக்கணும், எந்தத் தேதியில் எந்த பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, எது பழுதானது, எப்படிச் சரி பண்ணினீர்கள் என்று தமிழில், உங்கள் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீசியனுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல், அந்த நோட்டை மட்டும் கொடுத்து ஒரு ஃப்யூஸை மாற்றச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.