ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்: கொங்குநாட்டுல முதல் கேமரா வாங்கின கதை

"ஏனுங்ணா, சீரியஸா போட்டோ எடுக்கலாம்னு இருக்கேன், மொதல்ல எந்த கேமரா வாங்கலாம்?" கழுத்துல கேமரா மாட்டிக்கிட்டு திரியற யாரும் இந்தக் கேள்வியில இருந்து தப்பிக்க முடியாது. உடனே மெகாபிக்சல், சென்சார் சைஸ், கேனானா நிக்கானான்னு பட்டிமன்றம் ஆரம்பிச்சிடும். நான் இந்தப் பதிவுல அந்தப் பக்கமே போகப் போறதில்லை. இதே கேள்வியை நம்ம ஊர்க்காரங்க நூறு வருஷமா எப்படி எதிர்கொண்டாங்கன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். பதில் அங்கேயே இருக்கு.

முதல்ல சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வேயில வேலை பார்த்துக்கிட்டிருந்தவர். 1905-ல டூபான்ட்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ஒரு புரொஜக்டரையும் கூடவே சில படச்சுருள்களையும் வாங்கினார். விலை 2,000 ரூபாய்க்கு மேல. அந்தக் காலத்து ரயில்வே உத்தியோகஸ்தருக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுக்கோங்க. வேலையை விட்டுட்டு ஊர் ஊரா டென்ட் போட்டுப் படம் காட்டினார். 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடுன்னு இன்னைக்கும் சொல்றோமே, அந்தப் பேரு அங்கிருந்து வந்ததுதான்.

அவர் வாங்கினது கேமரா இல்லையே, புரொஜக்டர் தானேன்னு கேக்கலாம். சரிதான். ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அது செகண்ட் ஹேண்ட். ரெண்டு, மெஷினை மட்டும் வாங்கலை, அதுல ஓட்டறதுக்கான பிலிமையும் சேர்த்து வாங்கினார். மெஷின் வாங்கறது ஒரு செலவு, அதை ஓட்டறது வேற செலவு. இந்த ரெண்டாவது செலவுதான் நம்ம கதையோட வில்லன்.

அடுத்தது நம்ம ஜி.டி.நாயுடு (1893-1974). கலங்கல் கிராமத்துக்காரர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கினதும் முதல் வேலையா அக்குவேறு ஆணிவேறா கழட்டி மறுபடி மாட்டினார். இந்தக் கதை கோவையில எல்லாருக்கும் மனப்பாடம். 1920-ல பொள்ளாச்சி - பழனி பஸ் விட்டது, யு.எம்.எஸ். கம்பெனி ஆரம்பிச்சது எல்லாம் அப்புறம். அவருக்கு கேமராப் பைத்தியமும் உண்டுங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. வெளிநாடு போகும்போதெல்லாம் கேமராவும் கையுமா போனார். 1936-ல லண்டன்ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிச்சார். இங்க காந்தியையும் நேருவையும் எடுத்தார்.

ஆனா ஒண்ணு: அன்னைக்கு சொந்தக் கேமரான்னா ஒண்ணு நாயுடு மாதிரி ஆளா இருக்கணும், இல்ல ஸ்டுடியோ முதலாளியா இருக்கணும். 1930கள்லயே கோவையில சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தாச்சு, அப்புறம் பட்சிராஜாவும் வந்தது. சினிமாவே எடுத்த ஊரு இது. அப்படி இருந்தும் சாதாரணக் குடும்பத்துல போட்டோன்னா கல்யாணத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா காதுகுத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்கு அப்புறமும் நிலைமை பெருசா மாறலை. 1950களோட கடைசியில அன்னியச் செலாவணி நெருக்கடி வந்தது, இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. நல்ல ஜப்பான் கேமரா வேணும்னா சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ ஒரு மாமா இருக்கணும். அது இல்லேன்னா மெட்ராஸ் பர்மா பஜார். 'எந்த கேமரா வாங்கலாம்'ங்கற கேள்விக்கே இடமில்லை. 'எது கிடைக்கும்'ங்கறதுதான் கேள்வி.

கிடைச்சது ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவுல நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரிச்சது. பழைய ஆல்பத்துல சதுரமா ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருந்தா, பெரும்பாலும் இந்தக் குடும்பத்து கேமரா எடுத்ததா இருக்கும். ஒரே ஒரு சாதாரண லென்ஸ், மாத்த முடியாத ஷட்டர் வேகம், போகஸ் பண்ற வேலையே இல்லை. வெயிலா மேகமாங்கறதை மட்டும் நீங்க சொல்லணும். பின்னாடி இருக்கற சின்ன சிவப்பு ஜன்னல் வழியா நம்பரைப் பார்த்துக்கிட்டே பிலிமைச் சுத்தணும். 120 ரோல்ல மொத்தம் பன்னிரண்டு படம்.

அந்த ரோல் எங்கிருந்து வந்தது? இங்கதான் நம்ம பக்கத்து மலை கதைக்குள்ள வருது. 1960-ல மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை ஆரம்பிச்சு, ஊட்டியில தொழிற்சாலை கட்டிச்சு. 1967-ல உற்பத்தி ஆரம்பமாச்சு. பிராண்டு பேரு 'இந்து'. பிலிம் தயாரிக்கறதுன்னா சும்மா இல்லீங்க. ஜெலட்டின்ல வெள்ளி உப்பைக் கலந்து, கும்மிருட்டுல, ஒரு தூசு கூட விழாம, ஒரே சீரா பூசணும். வெக்கை ஆகாது, தூசி ஆகாது. அதனாலதான் 2,200 மீட்டர் உயரத்துல இருக்கற ஊட்டி. ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தது. மேட்டுப்பாளையம் வழியா மலையேறினா எட்டிப் பிடிக்கற தூரத்துல ஒரு பிலிம் பேக்டரி!

இப்ப பன்னிரண்டுங்கற எண்ணுக்கு வருவோம். ஒரு ரோல், அதைக் கழுவற காசு, பிரின்ட் போடற காசு. மாசச் சம்பளக்காரர் ஒருத்தர் கத்துக்கணும்னா ஒவ்வொரு தப்புக்கும் காசு கொடுக்கணும். முதல் ரோல்ல பத்து படம் பாழானா ரெண்டாவது ரோலுக்கு வீட்டுல அனுமதி கிடைக்காது. எத்தனையோ பேரோட ஆசை அங்கேயே நின்னு போச்சு. அவங்களுக்குத் திறமை இல்லாம இல்லை. தப்பு செய்யக் கையில காசில்லை.

அந்தக் காலகட்டத்துலயே ஒருத்தர் வேற மாதிரி யோசிச்சார். மா.கிருஷ்ணன் (1912-1996). தமிழ் நாவல் முன்னோடி அ.மாதவையாவோட மகன். காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக்காரர். முதுமலையிலயும் ஆனைமலைப் பக்கத்துக் காடுகள்லயும் யானைகளைத் தேடி அலைஞ்சவர். தனக்குத் தேவையான கேமரா கடையில கிடைக்கலைன்னு தெரிஞ்சதும் பல கேமராக்களோட பாகங்களை இணைச்சு தானே ஒண்ணு செஞ்சுக்கிட்டார். அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வச்சார். பார்க்கக் கண்றாவியா இருந்தா என்ன? கறுப்பு வெள்ளையில அவர் எடுத்த யானைப் படங்களை இன்னைக்கும் பார்த்துட்டே இருக்கலாம். 1970-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவரோட தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்தது தாராபுரத்துக்காரர் தியடோர் பாஸ்கரன், புத்தகம் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தேடிப் படிங்க. என்ன எடுக்கப் போறோம்ங்கறது அவருக்குத் தெளிவா தெரிஞ்சிருந்தது. கேமரா அதுக்கு அப்புறம்தான்.

1980கள்ல கலர் லேப் வந்தது, கறுப்பு வெள்ளை ரோல் ஒதுங்க ஆரம்பிச்சது. 1991-க்கு அப்புறம் இறக்குமதிக் கதவு திறந்தது. 1996-ல ஊட்டி தொழிற்சாலையை நலிந்த நிறுவனம்னு அறிவிச்சாங்க. 2003-ல கேனான் 300டி வந்தது, அமெரிக்காவுல ஆயிரம் டாலருக்குள்ள ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். 2012-ல கோடாக்கே திவால் மனு போட்டது. 2014-ல ஊட்டித் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம். ஆயிரக்கணக்கான குடும்பம் பிழைச்ச இடம் அமைதியாயிடுச்சு. நமக்கு இலவசமா படம் எடுக்கற வசதி வந்த அதே காலத்துல, பக்கத்து மலையில நிறைய பேரோட சோறு போச்சு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் பார்க்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வரலாறு சொல்ற பதில் என்ன?

வின்சென்ட் மாதிரி செகண்ட் ஹேண்ட் வாங்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. மிரர்லெஸ் வந்த பிறகு நல்ல பழைய டி.எஸ்.எல்.ஆர். எல்லாம் சல்லிசா கிடைக்குது. ஷட்டர் கவுண்ட் பாருங்க, லென்ஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு பாருங்க, நம்ம மலைப் பக்கத்து ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். நாயுடு மாதிரி மெஷினைப் புரிஞ்சுக்கோங்க; கழட்ட வேண்டாம், மேனுவல் மோடுல போட்டு அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூணும் ஒண்ணை ஒண்ணு எப்படி இழுக்குதுன்னு பழகுங்க. கிருஷ்ணன் மாதிரி, என்ன எடுக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. சிங்காநல்லூர் குளத்துப் பறவைன்னா நீளமான லென்ஸுக்குக் காசு ஒதுக்கணும். பேரூர் கோயில் சிற்பம், சந்தையில மனுச முகம்னா ஒரு 50 எம்.எம். போதும்.

எல்லாத்துக்கும் மேல, பாடிக்கே மொத்தக் காசையும் கொட்டிடாதீங்க. கிளிக் 3 வச்சிருந்தவங்களுக்கு ரோலுக்குக் காசு இல்லாம போன மாதிரி, உங்களுக்கு வெளியே போகக் காசு இல்லாம போயிடக் கூடாது. கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வால்பாறைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுங்க. அங்க போய் ஆயிரம் படம் பாழாக்குங்க, ஒருத்தரும் காசு கேக்க மாட்டாங்க :-)