குறையாக வந்தவர்கள்: திண்டுக்கல் சமவெளியின் சிறுவர் நினைவில் தொலைக்காட்சிப் பாத்திரங்கள்

1980-களின் இறுதியிலும் 90-களிலும் திண்டுக்கல் வட்டாரத்தில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் தொலைக்காட்சிப் பேச்சை எடுத்தால், கதைகளுக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள்: பீஷ்மர், மோக்லி, சக்திமான், 'விடாது கருப்பு' தொடரின் கருப்பு. இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அன்று இருந்தது ஒரே அலைவரிசை, எல்லோரும் ஒன்றையே பார்த்தார்கள், ஆகவே நினைவும் பொதுவாயிற்று என்பார்கள். பொதுவாகப் பார்த்ததற்கு இது விளக்கம். இன்னாரை நினைவில் வைத்து இன்னாரை மறந்ததற்கு இதில் விடை இல்லை. 'மகாபாரத்' ஓடிய அதே ஆண்டுகளில், அதே தூர்தர்ஷனில்தான் 'வாக்ளே கீ துனியா' (1988–90) வந்தது. ஷாருக் கான் அறிமுகமான 'ஃபௌஜி'யும் (1989) வந்தது. வடக்கே இன்றும் அன்போடு பேசப்படும் அந்தத் தொடர்களின் ஒரு பாத்திரத்தைக்கூட ஒட்டன்சத்திரத்திலோ வேடசந்தூரிலோ பெயர் சொல்லி நினைவுகூர்பவரைக் காண்பது அரிது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுதான். இச்சமவெளியின் சிறுவர் நினைவில் தங்கிய பாத்திரங்கள் ஏதோ ஒரு வகையில் குறையாக வந்து சேர்ந்தவை. சிலவற்றுக்கு மொழி இல்லை, ஒன்றுக்கு உடல் இல்லை, இன்னொன்றுக்கு முகமே காட்டப்படவில்லை. அந்தக் குறையை ஊர் தன்னிடம் இருந்ததைக் கொண்டு நிரப்பியது. நிரப்ப எதுவும் இல்லாத இடத்தில் பாத்திரமும் தங்கவில்லை.

முதற்குறை அலையிலேயே இருந்தது. திண்டுக்கல்லுக்குப் படம் வந்தது கொடைக்கானல் மலையில் நின்ற கோபுரத்திலிருந்து. நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரம். சமவெளியின் ஓட்டு வீடுகள் மேற்குப் பார்த்து ஆன்டெனா நட்டன. இடையில் வேறொரு மலை மறைத்த ஊர்களில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். காற்றடித்தால் ஒருவர் கூரையேறிக் குழாயைத் திருப்ப, உள்ளிருப்பவர் "வருது, வருது, அப்படியே விடு" என்று கத்துவார். மின்சாரம் போனால் அந்த வாரத்துக் கதையும் போயிற்று. ஆகவே முழுமையாகப் பார்த்தல் என்ற ஒன்று இங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை.

அதைவிடப் பெரிய குறை மொழி. இந்தியத் தொலைக்காட்சி பற்றிய மதிக்கத்தக்க ஆய்வுகள் இதைத் தொடவில்லை. பூர்ணிமா மன்கேக்கர் (1999), அரவிந்த் ராஜகோபால் (2001) ஆகியோரின் நூல்கள் இதிகாசத் தொடர்களின் அரசியலை ஆழமாக ஆராய்ந்தவை. ஆனால் அவை முன்வைக்கும் பார்வையாளர் பெரும்பாலும் இந்தி புரிந்தவர். அனுப்புபவர் கருதிய பொருளும் பெறுபவர் கொள்ளும் பொருளும் வேறாகலாம் என்று 1973-இல் எழுதிய ஸ்டூவர்ட் ஹாலும், இருவருக்கும் பொதுவான ஒரு மொழி இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசினார். மொழியே எட்டாத பார்வையாளரை எந்தக் கோட்பாட்டில் வைப்பது? 1965-இன் மொழிப்போர் நினைவு ஆறாத ஒரு மாநிலத்தில், ஞாயிறு காலையில் இந்தித் தொடரின் முன் ஊரே அமர்ந்திருந்ததை முரண்பாடு என்று சொல்வது எளிது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அவர்கள் பாத்திரத்தை ஏற்றார்கள், மொழியை ஏற்கவில்லை. 'மகாபாரத்' தொடரின் 94 பகுதிகளையும் பார்த்த பிறகும் இந்தி கற்றுக்கொண்டவர் இங்கே அனேகமாக இல்லை.

பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை ஒளிபரப்பானது. பேச்சு புரியாத அத்தொடரைச் சிறுவர்கள் எப்படிப் பின்தொடர்ந்தார்கள்? தொலைக்காட்சி இருந்த வீட்டில் பெரும்பாலும் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், பாரதக் கதை கேட்டு வளர்ந்த அப்பத்தாவாக இருக்கலாம். "இவருதாண்டா பீஷ்மர், கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு சத்தியம் பண்றாரு" என்று திரைக்கு மேலாக அந்தக் குரல் ஓடும். அவருக்கும் இந்தி தெரியாது; கதை தெரியும், அது போதும். இராஜாஜியின் 'வியாசர் விருந்து' படித்தவர்கள், கோயில் திருவிழாவில் கதாகாலட்சேபம் கேட்டவர்கள், 'மாயாபஜார்' (1957), 'கர்ணன்' (1964) படங்களை டென்ட் கொட்டகையில் பார்த்தவர்கள் அவர்கள். பங்கஜ் தீர் கர்ணனாக வாயசைத்தபோது பெரியவர்கள் காதில் கேட்டது சிவாஜியின் கர்ணன்தான் என்று நான் கருதுகிறேன். நிதிஷ் பரத்வாஜின் கிருஷ்ணனை அளக்க என்.டி.ராமராவ் என்ற அளவுகோல் கைவசம் இருந்தது. சிறுவனுக்குக் கிடைத்த பீஷ்மர், முகேஷ் கன்னாவின் உடலும் வெண்தாடியும், பக்கத்தில் அமர்ந்த பெரியவரின் சொல்லும் நியாய உணர்வும் சேர்ந்து உருவான ஒருவர். திரௌபதி அவமானப்பட்ட சபையில் பீஷ்மர் ஏன் வாய் திறக்கவில்லை என்று சிறுவன் கேட்டால், பதில் தொடரிலிருந்து வராது. அந்த வீட்டிலிருந்துதான் வரும். வீட்டுக்கு வீடு அது வேறுபட்டது.

இந்தப் பழக்கத்துக்கு இப்பகுதியில் ஒரு முன்வரலாறு உண்டு. தென்மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் நடத்தப்பட்ட தோல்பாவைக் கூத்தில், திரைக்குப் பின்னிருந்து ஒரே கலைஞர் இராமன், இராவணன், சீதை என அத்தனை பேருக்கும் குரல் கொடுப்பார். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து உள்ளூர்ப் பேச்சில் சிரிக்க வைப்பார்கள். உருவம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் இருப்பது அந்தப் பார்வையாளருக்குப் புதிதன்று. இராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரியில் தொடங்கியபோது உருவத்தை டெல்லி அனுப்பியது. குரலை ஊர் கொடுத்தது. பாவைக்கூத்து நலிந்துகொண்டிருந்த அதே காலத்தில் அதன் ஒரு வேலை இப்படி வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறியது என்பது என் கணிப்பு. நாட்டார் கலை ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

'வாக்ளே' ஏன் தங்கவில்லை என்பது இப்போது விளங்கும். அது நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடப் பேச்சாலேயே ஆன தொடர். பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வீடும் சில நாற்காலிகளும். விளக்கிச் சொல்லப் பெரியவருக்கும் கைப்பிடி இல்லை. அந்தக் கதை அவர் ஏற்கெனவே கேட்டதன்று. குறை இருந்தால் மட்டும் போதாது, அதை நிரப்பும் சரக்கு ஊரிடம் இருக்க வேண்டும்.

உடலே இல்லாத பாத்திரம் ஒன்றும் அதே மகாபாரதத்தில் இருந்தது. சுழலும் சக்கரத்தின் முன் ஹரீஷ் பிமானியின் குரலாக வந்த 'சமய்', அதாவது காலம். ஒரு சொல்லும் புரியாத சிறுவர்கள் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வெறும் ஓசையாகப் போலி செய்து விளையாடினார்கள். விடியலில் தெருவில் நின்று நல்லது கெட்டது சொல்லிப் போகும் குடுகுடுப்பைக்காரரைக் கேட்டு நடுங்கிய பிள்ளைகளுக்கு, உருவமின்றி முன்கூட்டியே எல்லாம் அறிந்து பேசும் ஒரு குரல் அந்நியமாக இருந்திருக்காது.

மோக்லியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜப்பானில் 1989-இல் தொடங்கிய இந்த அசைவூட்டத் தொடர் 90-களின் தொடக்கத்தில் இந்திக் குரல்களோடு தூர்தர்ஷனில் வந்தது. ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். ஓநாய்களோடு வளரும் பையனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிறுமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் காடு என்பது திரையில் மட்டும் இருந்த ஒன்றன்று.

சக்திமான் இதில் சற்றுச் சிக்கலான சாட்சி. 1997 செப்டம்பர் 13-இல் தொடர் தொடங்கியபோது சன் டிவிக்கு நான்கு வயது முடிந்திருந்தது. செயற்கைக்கோள் அலைவரிசை வேண்டுமென்றால் கேபிள் வேண்டும். கேபிள் கம்பி முதலில் நகரத் தெருக்களில் ஓடிப் பிறகே காட்டோரக் குடியிருப்புகளை எட்டியது. ஆகவே ஒரே வயதுப் பிள்ளைகள் இரு கூறானார்கள். பேகம்பூரிலும் நாகல்நகரிலும் கேபிள் இருந்த வீடுகளில் தமிழ்த் தொடர்கள் ஓடின. ஆன்டெனாவை நம்பியிருந்த சிற்றூர்களுக்குச் சக்திமானே எல்லாம். ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு சுழல்வது, பிறகு பறப்பது: அந்தப் பாத்திரத்தைக் கையகப்படுத்த இவ்வளவே போதும், இதற்கு மொழி வேண்டியதில்லை. ஒரு பள்ளி மைதானம் முழுவதும் பிள்ளைகள் தலைசுற்றி விழும்வரை சுழன்ற காலம் அது. இங்கே குறையை நிரப்பியது பெரியவரின் சொல்லன்று, சிறுவரின் உடல். அதில் ஆபத்தும் இருந்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதமான செயல்களில் இறங்கிய செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தன; முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல நேர்ந்தது. அந்த எச்சரிக்கையும் இந்தியில்தான் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

கேபிள் வழியே தமிழில் வந்தவற்றில் இவ்வட்டாரத்தை உலுக்கியது 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'. மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம், மின்பிம்பங்கள் தயாரிப்பு, 90-களின் பின்பாதியில் சன் டிவி. தவறு செய்தவர்கள் கருப்புசாமியால் தண்டிக்கப்படுவதாக நம்பும் ஒரு கிராமம். நம்பிக்கைக்கும் உளவியலுக்கும் நடுவே ஓடும் கதை. இங்கே மொழிக்குக் குறையில்லை. ஆனால் கருப்பின் முகத்தைத்தான் காட்டவில்லை. குளம்பொலி, குதிரையின் நிழல், இருட்டு, இவ்வளவே. திண்டுக்கல் சமவெளிப் பிள்ளைக்கு இந்த இடைவெளியை நிரப்ப எங்கும் தேட வேண்டியதில்லை. ஊர் எல்லையில் அரிவாளோடும் முறுக்கிய மீசையோடும் கருப்பு நின்றார். பக்கத்தில் அய்யனாரின் மண்குதிரைகள். பகலில் கும்பிட்டுவிட்டுப் போகும் அதே உருவம் இரவில் தொடருக்குள் ஏறியது. கதையின் முடிவு மனப்பிளவு என்ற மருத்துவ விளக்கத்தையும் கையில் எடுக்கிறது. ஆனால் அன்றைய சிறுவர் நினைவில் விளக்கம் மங்கி, குளம்பொலி மட்டும் தங்கிவிட்டது. பெருநகரப் பிள்ளைக்கு அது திகில் தொடர். இங்கே அது ஊரைப் பற்றிய செய்தி. எல்லைக் கோயிலைத் தாண்டி டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் சைக்கிளை வேகமாக மிதித்ததற்கு இதுதான் காரணம்.

2006-இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. 2007 ஏப்ரலில் சிறுவர்களுக்கான சுட்டி டிவி வந்தது. அதில் டோராவும் புஜ்ஜியும் நல்ல தமிழில் பேசினார்கள். பிறர் வீட்டு வாசலில் நின்று பார்த்த குழந்தைகள் தம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தது மகிழ வேண்டிய மாற்றம். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆயினும் இங்கே இடைவெளியின் தன்மை மாறியதைக் குறிக்க வேண்டும். டோரா கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தையின் பதிலுக்குக் காத்திருப்பாள். அந்த மௌனம் திட்டமிட்டு வைத்தது, அதற்குரிய பதிலும் ஒன்றே. பழனியில் இருக்கும் குழந்தையும் சென்னையில் இருக்கும் குழந்தையும் ஒரே விடையைக் கத்தினார்கள். பீஷ்மரின் மௌனத்துக்கு அப்படி ஒரே விடை இருந்ததில்லை.

இக்கட்டுரையின் கருத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். பெரியவர்களான பின் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும்போது நினைவே இவற்றை அலங்கரிக்கிறது, அன்றைய பார்வை இப்படி இருந்திருக்காது என்று சொல்லலாம். அலங்கரிப்பு நடக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஏக்கம் அலங்கரிக்கும் என்றால் 'ஃபௌஜி'யையும் அலங்கரித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

ஒளிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தொடர்கள் இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. திரைக்கு மேலாக ஓடிய அந்த விளக்கக் குரல் எங்கும் பதிவாகவில்லை. அன்று ஐம்பது வயதில் விளக்கம் சொன்னவர்களுக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் எந்தத் தொடர் பிடிக்கும் என்று கேட்பதை விட்டு, யார் வீட்டில் பார்த்தீர்கள், உள்ளே உட்கார இடம் கிடைத்ததா, வாசலில் நிற்க வைத்தார்களா, கதை சொன்னது யார், பீஷ்மர் பேசாததற்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று கேட்க வேண்டும். வீட்டுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதில் இவ்வூர்களின் சாதி வரலாறும் சேர்ந்தே கிடைக்கும். வாசலில் நின்றவர்கள் விளக்கக் குரல் எட்டாத தூரத்திலிருந்து உருவாக்கிக்கொண்ட பீஷ்மர் வேறொருவராகவும் இருக்கக்கூடும்.