நெற்குப்பை வட்டாரமும் சூழல் சுட்டும் சொற்களும்

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றான நெற்குப்பை, தன் பெயரிலேயே ஒரு சொற்பொருள் வரலாற்றைக் கொண்டுள்ளது. நெல், குப்பை என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே இப்பெயர். பழந்தமிழில் குப்பை என்பது குவியலைக் குறித்தது. பிற்காலத்தில் அது கழிவின் குவியலுக்குச் சுருங்கி, இன்று குவியாது சிதறிக் கிடக்கும் கழிவுக்கும் பெயராகிவிட்டது. பொது வழக்கு இழந்த பொருளை ஊர்ப்பெயர் காத்து நிற்கிறது. காலநிலை, சுற்றுப்புறம் ஆகியவற்றைக் குறிக்கும் பிற சொற்களிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. அவற்றால் பெற்றதையும் இழக்க நேர்வதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொழுதிலிருந்து காலநிலைக்கு

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுதுகள் ஆண்டை ஆறாகப் பகுத்தன. காற்றும் திசைதோறும் தனிப்பெயர் பெற்றது. வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இவற்றுள் கோடை இன்று காற்றின் பெயராக அன்றி வெயிற்பருவத்தின் பெயராகவே வழங்குகிறது.

அறிவியல் கல்வி தமிழில் பரவியபோது அளவீட்டுக்குரிய பொதுச்சொற்கள் தேவைப்பட்டன. சீதோஷ்ணம் என்னும் வடசொல்லின் இடத்தில் தட்பவெப்பம் வந்தது. ஒரு நாளின் வானத்து நிலையை வானிலை என்றும், வழக்கமாக முப்பது ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவதைக் காலநிலை என்றும் பிரித்துக் கூறும் வசதி ஏற்பட்டது. இதழ்களில் பருவநிலை என்ற சொல்லும் காலநிலைக்கு ஈடாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் சுற்றுச்சூழல் எனப்படுவது இலங்கை அரசு வழக்கில் சுற்றாடல் எனப்படுகிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரிலும் 'காலநிலை மாற்றம்' இடம்பெற்றது. உலகளாவிய சிக்கலைத் தமிழில் விவாதிக்க இச்சொற்கள் இன்றியமையாதன.

ஊருணியும் கண்மாயும்

ஆயினும் சுற்றுச்சூழல் என்னும் சொல், ஒரு மையத்தைச் சுற்றி இருப்பது என்ற அளவிலேயே பொருள் தருகிறது. மழையை நம்பி வாழும் செட்டிநாட்டின் வட்டாரச் சொற்களோ நீருக்கும் மக்களுக்கும் உள்ள உறவைச் சுட்டுகின்றன. ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீருக்குரியது. திருக்குறளிலும் இடம்பெறும் தொன்மையான சொல். கண்மாய் பாசனத்துக்குரியது, கண்வாய் என்பதன் திரிபாக இதனைக் கொள்வர். வரத்துக்கால் நீரைக் கொணர்வது. மடை வயலுக்கு விடுவது. கலுங்கு மிகுநீரைக் கழிப்பது.

இவ்வனைத்தையும் 'நீர்நிலை' என்ற ஒரே தலைப்பில் அடக்கும்போது பட்டியல் எளிதாகிறது, வேறுபாடு மறைகிறது. ஊருணிக்கு வேண்டுவது நீரின் தூய்மை. கண்மாய்க்கு வேண்டுவது வரத்தும் மடையும் கலுங்கும் ஒருங்கே செப்பமாக இருத்தல். வரத்துக்காலைக் கணக்கில் கொள்ளாது கண்மாயை மட்டும் ஆழப்படுத்தினால், மழை பெய்தும் போதிய நீர் வந்து சேராது. 2017இல் தமிழ்நாட்டு அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்து, பழைய சொல் ஒன்று திட்டப்பெயராகத் திரும்பியதற்குச் சான்று. நீரைப் பேணும் பணியில் குடிகளுக்குரிய பங்கை அப்பெயரே உணர்த்துகிறது.

நிறைவுரை

நெற்குப்பையில் 1921இல் பிறந்த சோமலெ, தமிழ்நாட்டின் மாவட்டங்களைத் தனித்தனி நூல்களாக எழுதினார். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் தனி நோக்கு வேண்டும் என்ற அவ்வணுகுமுறை சொல்லாய்வுக்கும் பொருந்தும். காலநிலை, சுற்றுச்சூழல் ஆகிய பொதுச்சொற்களைக் கைவிட வேண்டுவதில்லை. அவற்றைத் தலைப்பாக வைத்து, அவற்றின்கீழ் ஊருணி, கண்மாய், வரத்துக்கால் ஆகியவற்றை அவ்வப் பெயராலேயே பதிவுசெய்வது தகும். குப்பையின் பழம்பொருளை ஓர் ஊர்ப்பெயர் காத்தது. ஊருணியின் பொருளைப் பெயர் மட்டும் காத்தால் போதாது, அதில் நீரும் நிற்க வேண்டும்.