ராமனின் பட்டகமும் காரைக்கால் கடலும்

கேமரா லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டர் எதனால் செய்யப்பட்டது என்று தேடிக்கொண்டு போனால், நடுவில் சர் சி.வி. ராமன் வந்து நிற்கிறார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பும்போது அவர் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. (நிக்கல் உலோகம் இல்லீங்க. வில்லியம் நிக்கோல் என்பவர் 1828-ல் செய்து காட்டியது.) கால்சைட் படிகத்தை வெட்டி, மறுபடி பிசின் வைத்து ஒட்டிய துண்டு அது.

கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி கோணத்தில் ஒரே தளத்தில் அதிர்கிறது. பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளி அப்படியே அணைந்துவிடும். ராமன் அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்ந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அந்த வருடமே 'நேச்சர்' இதழில் எழுதினார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதையும் இன்று சேர்த்துச் சொல்லணும்.

இதை அரசலாறு கடலில் சேரும் காரைக்கால் கரையில் செய்தால் என்ன ஆகும்? கணக்கு போட்டுப் பாருங்க. கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த 53 டிகிரி விழும் இடம் காலுக்கு 2 மீட்டர் முன்னால்தான். அங்கே முழங்கால் தண்ணீர், கீழே மணல். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஆறு கொண்டுவந்த வண்டல். பளபளப்பை எடுத்துவிட்டால் தெரிவது பழுப்புதான். ராமனுக்குக் கப்பல் தளத்தின் உயரமும், கீழே ஆழ்கடலும் இருந்தன. ஃபில்டர் அழகு சேர்ப்பதில்லை, மேலே இருக்கும் பூச்சை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, பொருளுக்கு வருவோம். நல்ல கால்சைட் ஐஸ்லாந்தில் வெட்டி எடுத்தது, விலை அதிகம், துண்டும் சின்னது. பார்வைக் கோணமும் குறுகல் என்பதால் அகன்ற லென்ஸுக்கு அது ஆகாது. மாற்று வந்த கதைதான் விநோதம். 1852-ல் இங்கிலாந்து மருத்துவர் ஹெராபத், கொயினா கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது உருவான பச்சைப் படிகங்களைப் பற்றி எழுதினார். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் அவை ஒளியை மறித்தன. அடுத்த பத்தாண்டில் நம்ம நீலகிரியில் சிங்கோனா நட்டார்கள், நடுவட்டத்தில் கொயினா ஆலையே வந்தது. ஆனால் எல்லாம் மலேரியாவுக்குத்தான். பெரிய படிகம் வளர்க்க முடியாமல் ஒளியியல்காரர்கள் கைவிட்டிருந்தார்கள்.

1920களின் கடைசியில் அமெரிக்க இளைஞர் எட்வின் லேண்ட் தலைகீழாக யோசித்தார்: பெரிசு வேண்டாம், பொடிப்பொடியான கோடிக்கணக்கான ஊசிப் படிகங்களை ஒரே திசையில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளில் பதித்தால் போதுமே! 1930களின் நடுவில் கோடாக் அந்தத் தாளை கேமரா ஃபில்டராக விற்றது. குறை ஒன்று: ஊசிகள் ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும், படத்தில் லேசான மங்கல் வரும். 1938-ல் படிகத்தையே விட்டுவிட்டார். பாலிவினைல் ஆல்கஹால் தாளை இழுத்து நீட்டி அயோடின் ஏற்றினார். மாவுச்சத்தில் அயோடின் விட்டால் நீலமாகுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. துகள் இல்லை, மங்கலும் இல்லை.

ஆனால் பாலிவினைல் ஆல்கஹால் ஈரத்துக்கு ஆகாது. அதனால்தான் அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டுகிறார்கள். அந்தக் கண்ணாடி சமதளமாக இல்லாவிட்டால், டெலிலென்ஸில் முதலில் போவது கூர்மை. டெல்டா கடற்கரை மாதிரி உப்புக்காற்று ஊரில் ஓரத்து ஒட்டுதான் பலவீனம். ஈரம் அங்கிருந்து உள்ளே புகுந்தால், விளிம்பில் வெளிறிய வளையம் ஒன்று தொடங்கி நடுவை நோக்கி நகரும். வாங்கும்போது அந்த விளிம்பைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும்.