மண்டபத்தின் கடைசி மேசை வரை

1983-இல் கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். பாடி முடித்துவிட்டு மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெற்றிலைப் பையோடு ஒரு பாட்டி மேடையோரம் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயா தம்பி பாடுன? ரெக்கார்டு போட்டிருக்காங்கன்னுல்ல நெனச்சேன்.” அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் சொன்னதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ரெக்கார்டே போட்டிருக்கலாமே, நீ எதற்கு என்பது. அது எனக்கு உறைக்கப் பத்து வருடம் ஆனது.

பகலில் நான் கிள்ளான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. சனி, ஞாயிறு இரவுகளில் ‘வாசுதேவன் வாய்ஸ்’, சினிமாப் பாடகர் மலேசியா வாசுதேவனின் குரலில் பாடுகிறவன். எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நான் பார்த்த இசைக்குழுக்காரர்கள் பாடகர்களை இப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள். டி.எம்.எஸ். வாய்ஸ் ஒருவர், எஸ்.பி.பி. வாய்ஸ் ஒருவர், ஜேசுதாஸ் வாய்ஸ் கிடைத்தால் குழுவுக்கு அதிர்ஷ்டம். சுசீலா, ஜானகி இரண்டையும் ஒரே பெண் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சம்பளம் மட்டும் ஒன்றுதான். மேடையில் அறிவிப்பாளர் எங்கள் சொந்தப் பெயரைச் சொன்னால் அதிசயம். எனக்கு இரவுக்கு 40 வெள்ளி, பந்தியில் மிஞ்சிய பிரியாணி ஒரு பொட்டலம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு முன்கதை உண்டு. அப்பா காலத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் தோட்டத்துக் கோயில் திருவிழா வர வேண்டும். ஹார்மோனியம், தபேலா, நாடகம், நாடகத்துக்கு நடுவே பாட்டு. இருக்கிற ஒரு மைக் கதாநாயகனிடம் போய்விடும். மற்றவர்கள் தொண்டையை நம்ப வேண்டியதுதான். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து போன பிறகு இந்த வட்டாரம் முழுக்க மின்கிதார் பைத்தியம் பிடித்தது. மலாய் இளைஞர்கள் அதைப் ‘பொப் யே யே’ ஆக்கினார்கள். நம் பையன்கள் அதே கிதாரில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டுகளை வாசித்தார்கள். பிறகு ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, சனங்கள் கிள்ளான் பக்கமும் கோலாலம்பூர் பக்கமும் வந்து ஒண்டியபோது திருவிழா மேடையும் டேவானுக்குள், அதாவது மண்டபத்துக்குள், நுழைந்தது. தாலி கட்டுவது காலையில் கோயிலில், இரவு டின்னர், நாற்பது ஐம்பது வட்ட மேசை, முன்னால் எங்கள் பேண்ட்.

எங்கள் ஒத்திகை பிரிக்பீல்ட்ஸில். ரயில்வேக்காரர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசையில் எங்கள் பேண்ட் மாஸ்டரின் வீட்டு முன்கூடம்தான் எங்கள் ஸ்டூடியோ. டிரம் செட்டை வைத்தால் உள்ளே போக வழியிருக்காது. மாஸ்டரின் மனைவி ஜன்னல் வழியாகத்தான் தேநீர் நீட்டுவார். ராத்திரியில் ரயில் பெட்டிகள் கோத்துக்கொள்ளும் சத்தம் அங்கே வரை கேட்கும். மாஸ்டர் புதுப் பாடகனை வாசல் திண்ணையில் நிற்க வைத்துவிட்டு, தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். “மைக் இல்லாம கடைசி மேசைக்கு எட்டணும் தம்பி. எட்டுச்சுன்னா மைக் குடுக்கறேன்.” பக்கத்து வீட்டுக்காரர்கள் சகித்துக்கொண்டார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். பெட்டிகள் மோதிய யார்டில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் வந்துவிட்டது.

‘16 வயதினிலே’ 1977-இல் வந்தபோது எனக்கு இருபது வயது. எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாததால் இளையராஜா வேறொருவரைப் பாட வைத்தார் என்ற கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த வேறொருவர் நம்ம ஊர்க்காரர். மலேசியா வாசுதேவன் 1944-இல் மலாயாவில் பிறந்த மலையாளி. இங்கே தமிழ் நாடகங்களில் நடித்துப் பாடியவர். சினிமா ஆசையில் மெட்ராஸ் போய், ஒன்றிரண்டு பாட்டு, ‘பாரத விலாஸ்’ கூட்டுப் பாட்டில் ஒரு பகுதி, இளையராஜா சகோதரர்களோடு மேடைக் கச்சேரி என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர். ‘16 வயதினிலே’ நாயகன் சப்பாணிக்குப் பாடியபோது அவருக்கு வயது 33. சினிமாவில் அது ஆரம்பிக்கிற வயதில்லை.

முதல் தடவை கேட்டபோதே மாஸ்டர் சொன்னார்: “இவன் நம்ம திருவிழா மேடையில பாடுனவன்டா.” ஸ்டூடியோ மைக்குக்கு முன்னால் நின்றாலும் அந்தக் குரல் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவனைத் தேடியது. நெஞ்சிலிருந்து நேராக வருகிற, கொஞ்சம் முரட்டுத்தனமான, சிரித்தால் பாட்டுக்குள்ளேயே சிரிப்பு கேட்கிற குரல். டி.எம்.எஸ்.ஸிடம் கம்பீரம் இருந்தது, எஸ்.பி.பி.யிடம் குழைவு இருந்தது. இவரிடம் பக்கத்து வீட்டு அண்ணன் இருந்தார். கிள்ளான் டேவான்களில் உடனே ஒரு புது வேலை காலியானது. என் தொண்டை அடிப்படையில் தடித்த தொண்டை, அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

சோறு போட்டது 1980-இல் வந்த ‘முரட்டுக்காளை’. அதில் ‘பொதுவாக எம்மனசு தங்கம்’ பாடாமல் எந்த டின்னரும் முடிந்ததில்லை. ரஜினி என்றால் எஸ்.பி.பி. என்று பின்னால் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேசை மேசையாக எழுந்து ஆடியவர்கள் ஆடியது வாசுதேவன் குரலுக்கு. அந்தப் பாட்டைப் பாடுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, மூச்சு இருந்தால் போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தப்பு. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் அவர் குரலைக் கீழே போடாமல் தூக்கியே வைத்திருப்பார். எனக்குக் கடைசிச் சரணத்தில் குரல் உட்கார்ந்துவிடும், கோரஸ்காரர்கள் காப்பாற்றுவார்கள்.

பெண் மேடைக்கு நடந்து வரும்போது ‘தர்மயுத்தம்’ படத்தின் ‘ஒரு தங்க ரதத்தில்’ பாட்டுத்தான் கேட்பார்கள். தங்கைக்காக அண்ணன் பாடுவது. அதைப் பாடும்போது நான் பெண்ணைப் பார்க்க மாட்டேன், அவளுடைய அண்ணன்மாரைப் பார்ப்பேன். வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருக்கிற தடித்தடி ஆட்கள், லோரி ஓட்டுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கைக்குட்டையைத் தேடுவார்கள். மூலப் பாட்டில் அழுகை துளியும் இல்லை. வாசுதேவன் அதைச் சந்தோஷமாகத்தான் பாடியிருக்கிறார்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இந்த இரண்டும் இல்லை. ‘முதல் மரியாதை’, 1985. ஏறத்தாழ முப்பது வருடம் சிவாஜி வாயைத் திறந்தால் டி.எம்.எஸ். கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. பாரதிராஜாவும் இளையராஜாவும் அந்த வாயில் வாசுதேவனை வைத்தார்கள். ‘பூங்காத்து திரும்புமா’ பாட்டில் வயதான ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்கிறார், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் குரல் பதில் சொல்கிறது. அந்தப் பெண் குரல் ஜானகி. வைரமுத்துவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

கேசட் வந்த மாதமே ஒரு டின்னரில் அதைப் பாடினேன். என் வழக்கப்படி முழுத் தொண்டையில். பாதியிலேயே மாஸ்டர் கீபோர்டின் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார், எனக்கு ஏன் என்று புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இறங்கி வந்ததும் அவர் சொன்னது: “சண்டைக்குக் கூப்பிடற மாதிரி பாடுற. அந்தாளு எங்கயாவது கத்தறானா, போய்க் கேளு.”

போய்க் கேட்டேன். இரவு இரண்டு மணிக்குக் காரில், கூட்டரசு நெடுஞ்சாலையில், கிள்ளானை நோக்கி. கோத்தா டாருல் ஏசான் வளைவு தாண்டும்போது ஒரு தடவை, ஷா ஆலாம் தாண்டும்போது ஒரு தடவை. ரிவைண்ட் செய்து செய்து டேப் இழுத்துக்கொண்டது. மாஸ்டர் சொன்னது சரி. காளை மாதிரி பாடத் தெரிந்த மனிதர் அந்தப் பாட்டு முழுக்கக் குரலைக் கையில் பிடித்தே வைத்திருக்கிறார். விட்டுவிடுவார் விட்டுவிடுவார் என்று நாம் காத்திருக்கிறோம், விடுவதே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் துக்கத்தைச் சத்தமாகச் சொல்வாரா? அடக்கின அந்தக் குரலுக்கும் கடைசி மேசை வரை எட்டுகிற பலம் இருந்ததுதான் விசேஷம். அதன் பிறகு அந்தப் பாட்டை நான் டின்னரில் பாடவில்லை. பணம் கொடுத்துக் கேட்டபோதும் எஸ்.பி.பி. வாய்ஸிடம் தள்ளிவிட்டேன்.

வாசுதேவன் மெட்ராஸில் எழுந்த அதே வருடங்களில் இங்கே இன்னொரு குரல் எழுந்தது. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் சேர்ந்த அலிகேட்ஸ் குழு. ஹாங்காங்கில் ஆங்கிலப் பாட்டுப் பாடிப் பிழைத்துவிட்டு வந்து, எழுபதுகளின் கடைசியில் மலாய்ப் பாட்டுக்குத் திரும்பியவர்கள். டேவிட்டின் பம்பைத் தலையை நாடே அறியும். லோகாவின் குரலை நான் அதிகம் நேசித்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசையில் ஊறின குரல், மலாய்ச் சொல்லை வாயில் ஒரு கணம் வைத்திருந்து விடுகிற குரல். டின்னருக்கு மலாய்க்கார, சீன விருந்தாளிகள் வந்திருந்தால் அவர்கள் பாட்டு ஒன்றாவது பாடியாக வேண்டும். ‘சென்யும்லா கோலாலம்பூர்’ ஆரம்பித்தால் சீன மேசைகளும் சேர்ந்துகொள்ளும். எங்கள் சனங்களில் சிலருக்கு அதில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. தமிழன் தமிழில் பாடாமல் போனானே என்று. வாசுதேவன் மலையாளி என்பது மட்டும் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை! லோகா 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

என் மகள் ஒருநாள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அமெரிக்காவின் ஜர்னி ராக் குழு. அதன் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரி பெரிய விளையாட்டரங்குகளையே தொண்டையால் நிரப்பியவர், சாம் குக்கின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். அவர் விலகிய பின் வேறு ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் குழுவின் கிதார்க்காரர் யூடியூபில் ஒரு மணிலாப் பாடகரைக் கண்டுபிடித்தார். அர்னெல் பினேடா. கிளப்புகளில் பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர். அழைத்துப்போய் அந்தக் குழுவுக்கே பாடகராக்கிவிட்டார்கள். கோலாலம்பூர் ஹோட்டல் லவுஞ்சுகளில் பாடிய பிலிப்பினோ பேண்டுகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி வேலை முடிந்து ஒரே மாமாக் கடையில்தான் தே தாரிக் குடிப்போம். “அப்பா, நீங்க யூடியூப்ல போட்டிருந்தா?” என்றாள் மகள். இளையராஜா எனக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை என்றேன். ஆனாலும் அந்த வீடியோவைத் தனியாக மறுபடியும் பார்த்தேன்.

எங்கள் தொழில் யாரும் கவனிக்காமலே போய்ச் சேர்ந்தது. முதலில் கரோக்கே வந்தது, மாப்பிள்ளையின் தம்பியே மைக்கைப் பிடித்தான். பிறகு கீபோர்டுக்காரர் ஒருவரே டிஸ்கெட்டில் முழுக் குழுவையும் கொண்டுவந்தார். பிறகு டிஜே. பாட்டியின் வாக்கு பலித்துவிட்டது. 2006-இல் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, இந்த மண்ணின் தமிழ்ப் பையன்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே சென்னை வரை போனார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

வாசுதேவன் 2011 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார். செய்தி கேட்ட இரவு நான் போட்டது ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்தின் ‘கோடைகாலக் காற்றே’. அந்தப் பாட்டில் அவர் எதையும் நிரூபிக்கவில்லை, காற்று வாங்கப் போகிறவர் மாதிரி பாடிக்கொண்டு போகிறார். முழுநேரமும் கைகால் ஆட்டிப் பாடின எனக்கு அது கடைசி வரை வரவில்லை.

என்னிடம் அந்த நாட்களின் கேசட்டுகள் இரண்டு இருக்கின்றன. டின்னரில் யாரோ மேசை மேல் ரேடியோவை வைத்துப் பதிவு செய்தவை. பாட்டுக்கு நடுவே தட்டுச் சத்தம், குழந்தை அழுகை, “அண்ணே, ஐஸ் கொஞ்சம்” என்ற குரல், எல்லாம் இருக்கிறது. மாஸ்டரின் கீபோர்டு வேறெங்கும் இல்லை, இதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். தீபாவளிக்கு வீடு கழுவும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் பிரதி எடுங்கள், டேவான் பெயர், தேதி, பாடினவர் பெயர் மூன்றையும் உறையில் எழுதி வையுங்கள். என் இரண்டு கேசட்டிலும் ‘வாசுதேவன் வாய்ஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.