68ஆ, 38ஆ? – மீள்பார்வை பற்றிய ஒரு வரலாறு



எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வு முடிந்த சில நாள்களில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வீட்டிற்கு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் துள்ளித் திரிந்த பிள்ளை. இப்பொழுது ஐந்தாம் படிவம். கண்களைச் சுற்றிக் கருவளையம், கையில் வரலாற்றுப் பாடநூல். நூலை வாங்கிப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லா வரிகளின் மீதும் மஞ்சள் மை பூசியிருந்தாள். பூசப்படாத வரிகள்தாம் தனித்துத் தெரிந்தன. "நாலு தடவ வாசிச்சிட்டேன் டீச்சர். கேள்வித்தாளப் பார்த்தா ஒன்னும் ஞாபகம் வரல" என்றாள். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம்ல லைட் எரியுது டீச்சர், நானே பார்க்கிறேன்" என்று தாயார் சாட்சி சொன்னார்.

இருவர் கூற்றும் மெய். பிள்ளை படித்ததும் மெய், அது நிற்காமல் போனதும் மெய். இவ்விரண்டும் ஒருங்கே எவ்வாறு நிகழும் என்னும் வினாவிற்கு 1885ஆம் ஆண்டிலேயே விடை அச்சேறிவிட்டது. அந்த விடை இன்னும் நம் வீட்டுப் படிப்பு மேசைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

அவ்விடையைக் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கௌஸ் (1850–1909). நினைவாற்றலை அளக்க முடியும் என்று எவரும் நம்பாத காலத்தில் அவர் அதை அளக்கப் புறப்பட்டார். ஆய்வுக்கூடமும் இல்லை, ஆய்வுக்கு உட்படும் மாணவர்களும் இல்லை. தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். பொருளுள்ள சொற்களைப் படித்தால் முன்னறிவு துணைக்கு வந்து கணக்கைக் குழப்பும் என்று கருதிப் பொருளற்ற அசைகள் ஏறக்குறைய 2300ஐ உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாகக் கோத்து, கடிகாரத்தின் ஓசைக்கு ஏற்ப ஒரே வேகத்தில் வாசித்து, பிழையின்றிச் சொல்ல வரும்வரை மனனம் செய்தார். 1879, 1880ஆம் ஆண்டுகளில் ஒரு முறையும், 1883, 1884ஆம் ஆண்டுகளில் மறுமுறையுமாக இந்தச் சலிப்பூட்டும் வேலையைத் தொடர்ந்தார். 1885இல் 'நினைவைப் பற்றி' எனப் பொருள்படும் தலைப்பில் அவருடைய சிறு நூல் வெளிவந்தது.

அவர் கையாண்ட அளவுகோல் எளிமையானது. ஒன்றை முதன்முறை மனனம் செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று, சில காலம் கழித்து அதையே மீண்டும் மனனம் செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தார். மிச்சமான நேரமே நினைவில் எஞ்சியதன் அளவு. இருபது நிமிடம் கழித்து அந்த மிச்சம் 58 விழுக்காடு; ஒரு நாள் கழித்து 34 விழுக்காடு; ஒரு மாதம் கழித்து 21 விழுக்காடு. மறதி முதல் நாளிலேயே கொள்ளையடித்துவிடுகிறது. அதன் பிறகு அதன் வேகம் தணிகிறது. 'நேத்து படிச்சது இன்னிக்கு மறந்து போச்சு' என்று அழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன் இந்த எண்களை நாம் நினைத்துப் பார்க்கலாம். மறந்தவர், ஆண்டுக்கணக்கில் வேறு நோக்கமின்றி மனனமே செய்துகொண்டிருந்த ஓர் அறிஞர்.

நமக்கு இன்றியமையாத எண்கள் அந்நூலில் வேறோரிடத்தில் உள்ளன. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை அவர் ஒரே நாளில் தொடர்ச்சியாக 68 முறை வாசித்தார். மறுநாள் அதைப் பிழையின்றிச் சொல்ல மேலும் 7 முறை வாசிக்க வேண்டியிருந்தது. அதே நீளமுள்ள வேறு வரிசைகளை மூன்று நாள்களுக்குப் பிரித்து வாசித்தபோது மொத்தம் 38 முறைதான் ஆயிற்று. நான்காம் நாள் 5 முறையே போதுமானதாக இருந்தது. உழைப்பு ஏறக்குறையப் பாதி, பயனோ சற்றுக் கூடுதல். இடையில் விட்ட நாள்கள் வீணாகவில்லை.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பதினாறு அசைகள் கொண்ட ஆறு வரிசைகளை 64 முறை வாசிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். அதன் இறுதியில் களைப்பும் தலைவலியும் வந்ததால் அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அந்த மனிதர் முக்கால் மணியில் நிறுத்திக்கொண்டார். நாம் பதினேழு வயதுப் பிள்ளையை இரவு இரண்டு மணிவரை உட்கார வைக்கிறோம்.

பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்து சில பகுதிகளையும் அவர் மனனம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. பொருள் விளங்காமல் மனனம் செய்வது பத்து மடங்குச் சுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னாளில் பிரெஸ்லௌ நகரில், இடைவிடாமல் ஐந்து மணி நேரம் நடைபெறும் பள்ளி வேளை பிள்ளைகளின் மூளையைக் களைப்படையச் செய்கிறதா என்னும் ஆய்வு நடந்தது. அதில் எபிங்கௌஸும் பங்கேற்று, வாக்கியத்தில் விடுபட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் ஒரு பயிற்சியை 1897இல் வெளியிட்டார். களைப்பைப் பற்றி அது தெளிவாக ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தரம் பிரிக்க நன்கு உதவியது! பின்னர் பிரான்சில் பினே தம் அறிவுத்திறன் சோதனையில் அவ்வகை வினாவைச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகள் களைத்திருக்கிறார்களா என்று கேட்கப் போனவர்கள் இன்னொரு தேர்வுடன் திரும்பி வந்தார்கள். கல்வி வரலாற்றில் இது புதிதன்று.

அடுத்து வந்தோர் வாசிப்பதற்கும் நினைவிலிருந்து சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தனர். 1917இல் அமெரிக்காவில் ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஆய்ந்து, படிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை நூலைப் பாராமல் சொல்லிப் பார்ப்பதில் செலவிட்டோரே நன்கு நினைவுகூர்ந்தனர் என்று காட்டினார். 1939இல் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3605 பேருக்கு ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் செய்தார். சில குழுக்களுக்கு உடனே சிறு சோதனை வைத்தார், வேறு சில குழுக்களுக்குப் பல நாள் கடந்தே வைத்தார். வாசித்த சூட்டோடு சோதிக்கப்பட்டவர்களே வாரங்கள் கழித்தும் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். சோதனை என்பது அளக்கும் கோல் மட்டுமன்று, கற்பிக்கும் கருவியும் ஆகும் என்பது அவர் கண்ட முடிபு.

உறக்கத்தைப் பற்றி 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வுக்கு உட்பட்டோர் இரண்டே மாணவர்கள். ஒன்றைப் படித்துவிட்டு உறங்கி எழுந்தபோது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது இருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு நினைவில் எஞ்சியிருந்தது. இரண்டு பேரை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்கலாம், நியாயந்தான். ஆனால் அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளும் உறக்கத்தின் பக்கமே நிற்கின்றன.

இவையெல்லாம் வெள்ளையர் கண்டுபிடிப்புகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிவோம். பாடத்தைப் போற்றுதலும், கேட்டவற்றைச் சிந்தித்தலும், உடன் கற்போரோடு பழகி வினாவுதலும், அவர்தம் வினாவிற்கு விடை தருதலும் மாணவன் கடமைகளாக அங்கே சொல்லப்பட்டுள்ளன. அதோடு ஒரு கணக்கும் வருகிறது. ஆசிரியர் சொன்னதைச் செவ்வனே கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருகிறது. பவணந்தியார் சோதனைக்கூடத்தில் அளந்து சொன்னதன்று அது. ஆயினும் கேட்பதைவிடச் சொல்வது பெரிது என்ற உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் சிறுவயதுத் திண்ணைப்பள்ளியை விவரித்திருக்கிறார். மாலையில் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பும்போது உபாத்தியாயர் பூ, ஊர் முதலியவற்றின் பெயர்களுள் ஒன்றை ஒவ்வொருவனுக்கும் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலை அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர், இடையில் ஓர் இரவு உறக்கம், காலையில் நினைவிலிருந்து சொல்லுதல்! 1924இல் கார்னெலில் அளந்ததையும் 1939இல் அயோவாவில் அளந்ததையும் அந்தப் பெயர் அறியாத உபாத்தியாயர்கள் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். திண்ணைப்பள்ளியைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகளும் அங்கேதான் இருந்தன. பொருள் விளங்காமலே ஒப்பித்தவை ஏராளம். அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் இவ்வழக்கம் நம் கைவிட்டுப் போயிற்று? தேர்வுமுறையே பெருங்காரணம் என்பது என் கருத்து. இந்நாட்டில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் 1891இல் நீரிணைக் குடியேற்றங்களில் அடியெடுத்து வைத்தன. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. ஆண்டு முழுவதும் படித்தது அனைத்தும் ஒரு சில நாள்களில் அளக்கப்பட்டு, உபகாரச் சம்பளமும் அரசாங்க வேலையும் அதன் வழியே முடிவாயின. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வாசலருகேகூடச் சென்றதில்லை என்பது வேறு கதை. ஆண்டிறுதியில் ஒரே பெருந்தேர்வு என்றால் உழைப்பும் ஆண்டிறுதியில் குவிவது இயல்பே. குவிந்த உழைப்பு, தேர்வு நாளுக்கு மட்டும் ஓரளவு பலன் தரும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அதை நம்புகிறோம்.

நம் காலத்தில் நிலைமை இன்னும் மாறிற்று. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. பி.எம்.ஆர். தேர்வுக்குப் பதிலாக 2014இல் வந்த பி.டி.3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. சின்னஞ்சிறு வயதில் அந்தச் சுமை வேண்டா என்று வரவேற்றவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் வாழ்வின் முதல் பெருந்தேர்வு. எப்படி மீள்பார்வை செய்வது என்று ஒத்திகை பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. என்னிடம் வந்த பிள்ளையும் அந்த வரிசையில் வந்தவளே. அவள் பயிலும் வரலாறோ 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்குக் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். அச்சம் வராமல் எப்படி இருக்கும்?

மஞ்சள் மை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி இருவரும் தெளிவான விடை கண்டனர். ஒரு பகுதியை இரு முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை வாசித்து, பிறகு நூலை மூடி நினைவிலிருந்து எழுதியவர்கள் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்: முன்னவர் 42, பின்னவர் 56. மீண்டும் மீண்டும் வாசித்தவர்களே 'நன்றாக நினைவில் நிற்கும்' என்று கூடுதல் நம்பிக்கையும் கொண்டிருந்தனர். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழக்கத்தை அறிவு என்று மனம் எண்ணிக்கொள்கிறது. நூலை மூடினால்தான் உண்மை தெரியும். அது கசப்பாக இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் மூட மறுக்கிறார்கள்.

1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் இதற்கொரு வழி சொன்னார். ஒரு பெட்டி, அதில் ஐந்து அறைகள். அட்டையின் ஒரு பக்கம் வினா, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முன் அறையை அடிக்கடியும் பின் அறைகளை எப்போதாவதும் பார்த்தால் போதும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்துக் களைப்பது குறைந்துவிடுகிறது. பழைய பிஸ்கட் டின்னும் நாள்காட்டி அட்டையும் இருந்தால் செலவே இல்லை. கடந்த ஆண்டுகளின் கேள்வித்தாள்களையும் கடைசி மாதத்திற்கென்று பூட்டி வைக்காமல், ஒரு பாடம் முடிந்தவுடன் அதற்குரிய வினாவை எடுத்துக் கொடுக்கலாம். இடைநிலைப்பள்ளியில் பணிபுரியும் நண்பர்கள் இதை என்னைவிட நன்கறிவர்.

உறக்கமும் பசியும் மாறிப்போய், அழுகையே நாளெல்லாம் தொடரும் பிள்ளைகளுக்கு இந்த உத்திகள் போதா. அவர்களை முதலில் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும்.

அன்று அந்தப் பிள்ளையின் நூலை வாங்கி மூடி என் மடியில் வைத்துக்கொண்டேன். மலாக்கா சுல்தானகம் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். மூன்று செய்திகள் சொல்லி நின்றாள். சும்மா இருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து நான்காவது வந்தது, அதன் வாலைப் பிடித்து ஐந்தாவதும் ஆறாவதும் வந்தன. விட்டுப்போனவற்றை மட்டும் நூலில் பார்க்கச் சொல்லி, புதன்கிழமை அம்மாவிடம் இதையே மறுபடியும் சொல் என்றேன். "எனக்கு மலாய்ல அவ்வளவா வராதே டீச்சர்" என்றார் தாயார். "அப்போ தமிழ்லயே சொல்லட்டும்மா, நீங்க கேள்வி மட்டும் கேளுங்க" என்றேன்.

வாசல்வரை போன தாயார் திரும்பி நின்று, "அப்போ ராத்திரி பத்தரைக்கே லைட்ட அணைக்கச் சொல்லிறவா டீச்சர்?" என்று கேட்டார். குரலில் தயக்கம் இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைக்கச் சொல்லுங்கம்மா" என்றேன்.